விலங்கைத் தொடாமலே டிஎன்ஏ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் காட்டு விலங்குகளை எண்ணுவது பற்றி எழுதும்போது, எச்சத்திலிருந்து டிஎன்ஏ எடுத்தும் எண்ணலாம் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். என் அன்றாட வேலையே அதுதான் என்பதால் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

மேடம், எச்சம் என்பது செரித்த சாப்பாட்டின் மிச்சம்தானே? அதில் இரையின் டிஎன்ஏ இருக்கலாம். போட்ட விலங்கின் டிஎன்ஏ எப்படி வரும்?
— பள்ளி மாணவி

குடலின் உட்சுவரில் இருந்து வருகிறது, அம்மா. பாலூட்டிகளின் குடலை உள்ளே மூடியிருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். உதிர்ந்த செல்கள் சளியோடு கலந்து, வெளியேறும் கழிவின் மேல் ஒட்டிக்கொள்ளும். புதிதாக விழுந்த எச்சத்தை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால், மேலே ஒரு மெல்லிய படலம் மினுங்குவது கண்ணுக்கே தெரியும். எங்களுக்கு வேண்டியது அந்தப் படலம்தான். ஆய்வகத்தில் எச்சத்தை நடுவில் வெட்ட மாட்டோம்; பிளேடால் மேல்தோலை மட்டும் சீவுவோம், அல்லது ஈரப்பஞ்சுக் குச்சியால் மேலே உருட்டி ஒற்றி எடுப்போம். யானை லத்தியானாலும் மான் புழுக்கையானாலும் இதே கதைதான். உள்ளே போகப் போக இரையின் முடியும் எலும்புத் துணுக்கும், தாவர உண்ணி என்றால் நாரும்தான் கிடைக்கும்.

அப்படி எடுத்ததிலும் பெரும்பகுதி குடல் பாக்டீரியாக்களின் டிஎன்ஏ. விலங்கினுடையது ரொம்பக் கொஞ்சம். அதுவும் நீளமாக, முழுசாக இருக்காது. மழையில் நனைந்து கிழிந்த கடிதம் போலத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இந்தக் கொஞ்சத்தைப் பெருக்கிப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், 1983இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்த பிசிஆர் முறை. வேண்டிய ஒரு துண்டை மட்டும் தேடிப் பிடித்து, அதைக் கோடிக்கணக்கான பிரதிகளாக்கும் முறை அது. 1992இல் ஸ்வாந்தே பாபோ உள்ளிட்ட ஒரு குழு, வடக்கு இத்தாலியில் சொற்பமாக எஞ்சியிருந்த பழுப்புக் கரடிகளின் எச்சத்திலிருந்து கரடியின் டிஎன்ஏவைப் பிசிஆர் வழியாக எடுத்துக் காட்டியது. கரடி தின்ற தாவரத்தின் டிஎன்ஏவும் அதே எச்சத்தில் கிடைத்தது.

அவர்கள் பார்த்தது மைட்டோகாண்ட்ரியாவின், அதாவது செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் குட்டி உறுப்புகளின், டிஎன்ஏ. ஒரு செல்லில் உட்கரு டிஎன்ஏ இரண்டே பிரதிதான்; மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவோ நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் இருக்கும். எனவே சிதைந்த எச்சத்திலும் ஏதாவது ஒன்று தப்பிப் பிழைத்திருக்கும். 'இது எந்த இனம்?' என்ற கேள்விக்கு இதனால் சுலபமாகப் பதில் கிடைத்துவிடுகிறது. 'இந்த இனத்தில் எந்தத் தனி விலங்கு?' என்று கேட்டால்தான் உட்கரு டிஎன்ஏவுக்குப் போக வேண்டும். சிரமமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மயக்க ஊசி போட்டுப் பிடித்து இரத்தம் எடுத்துவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

இரத்தம் கிடைத்தால் இரத்தமே மேல், ஐயா. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மயக்க ஊசியில் விலங்குக்கு ஆபத்து உண்டு, ஊசி போடுகிறவருக்கும் உண்டு. முதலில் விலங்கு கண்ணில் பட வேண்டும். பனிச்சிறுத்தையைப் போன்ற ஒன்றைத் தேடிக்கொண்டு மலை மலையாக வருடக்கணக்கில் அலைந்தாலும் பார்க்க முடியாமல் போகலாம். அதன் எச்சமோ பாறை ஓரத்தில் கிடக்கும்.

கடலிலும் இது நடக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் இருக்கும் ஓர்கா திமிங்கிலங்களின் எச்சம் கொஞ்ச நேரம் நீரில் மிதக்கும். சாமுவேல் வாசர் என்ற ஆய்வாளரின் குழு, மோப்ப நாயைப் படகின் முன்னால் நிறுத்தி அதைக் கண்டுபிடித்தது. டக்கர் என்ற நாய் இதில் பெயர் பெற்றது. அந்த எச்சத்திலிருந்த டிஎன்ஏ எந்தத் திமிங்கிலம் என்று சொன்னது. ஹார்மோன்கள் அது சினையாக இருக்கிறதா, பட்டினி கிடக்கிறதா என்று சொல்லின. கண்டறிந்த சினைகளில் 69 சதவீதம் வரை குட்டி பிழைக்காமல் போனதாக 2017இல் எழுதினார்கள். சால்மன் மீன் போதாததே முக்கியக் காரணம் என்பது அவர்கள் முடிவு. ஒரு திமிங்கிலத்தின் மேல்கூடக் கை வைக்காமல் இவ்வளவும் தெரிந்தது.

எச்சத்தைப் பார்த்ததுமே இன்ன விலங்கு என்று சொல்லிவிடும் அனுபவசாலிகள் இருக்கிறார்களே. டிஎன்ஏ அவர்களைவிட நம்பகமானதா?
— வனத்துறையில் பணியாற்றும் வாசகர்

உங்களைப் போன்றவர்களின் கண்ணை நம்பித்தான் நாங்கள் காட்டுக்குள் போகிறோம், எனவே இதை மரியாதையோடு சொல்கிறேன்: கண் தவறும். பிரிட்டனில் பைன் மார்ட்டன் என்ற மரநாய் போன்ற விலங்கின் கணக்கெடுப்பே எச்சத்தை வைத்துத்தான் நடந்துகொண்டிருந்தது. 2002இல் அந்த எச்சங்களை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியபோது, தேர்ந்தவர்கள் மார்ட்டன் என்று சொன்னவற்றில் நரியினுடையதும் கலந்திருந்தது. மார்ட்டன் அரிதான இடங்களில் இந்தக் குழப்பம் பெரிய விஷயம். அங்கே இல்லாத விலங்கை இருப்பதாக எழுதிவிடுவோம்.

சரி, அப்படியானால் டிஎன்ஏ சொல்வதெல்லாம் வேதமா? கிடையாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் துறையில் டிஎன்ஏ எடுக்கத் தெரிந்தவர்கள் நிறைய. எடுத்ததைச் சந்தேகப்படத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

ஒரு தனி விலங்கை அடையாளம் காண, மைக்ரோசாட்டிலைட் என்ற பகுதிகளைப் பார்ப்போம். இரண்டு முதல் ஆறு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் அவை. எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறும். ஒவ்வோர் இடத்திலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு வடிவங்கள் இருக்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்த விலங்குக்கே உரிய கைரேகை கிடைத்துவிடும்.

எச்சத்தில் என்ன ஆகிறது என்றால், குழாயில் விழுகிற சொட்டில் நமக்கு வேண்டிய துண்டு நாலைந்துதான் இருக்கும். அவை எல்லாமே தாய்வழி வடிவமாக அமைந்துவிட்டால், தந்தைவழி வடிவம் பெருகவே பெருகாது. ஒவ்வொரு வடிவமும் கருவியின் திரையில் ஒரு கோபுரமாகத் தெரியும்; இங்கே ஒரே ஒரு கோபுரம் எழும்பும், பார்க்க ரொம்பச் சுத்தமாக இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே வடிவம்தான் வந்திருக்கிறது என்று எழுதிவிடுவோம். அடுத்த வாரம் அதே விலங்கின் இன்னொரு எச்சத்தில் இரண்டு கோபுரங்களும் தெரியும். இப்போது நம் கணக்கில் இரண்டு விலங்குகள், காட்டில் இருப்பதோ ஒன்று.

இதற்குப் பிரான்ஸின் பியேர் தாபெர்லேயும் அவருடைய குழுவும் 1996இலேயே வழி சொன்னார்கள்: ஒரே மாதிரியைத் தனித்தனிக் குழாய்களில் திரும்பத் திரும்பச் செய். ஒரு வடிவத்தைக் குறைந்தது இரண்டு தடவை பார்த்தால்தான் அதை ஏற்றுக்கொள். ஒரே வடிவம்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், டிஎன்ஏ ரொம்பக் குறைவான மாதிரியில் ஏழு தடவை வரை ஓட்டு. அத்தனை தடவை ஓட்டப் பணமும் பொறுமையும் வேண்டும். அதனால் இன்றைக்குப் பல ஆய்வகங்கள், முதலில் டிஎன்ஏ எவ்வளவு தேறும் என்று அளந்துவிட்டு, தேறாததை அப்போதே கழித்துவிடுகின்றன. நானும் அந்தக் கட்சிதான். எத்தனை மாதிரி தோற்றது என்று சொல்லாத ஆய்வறிக்கையின் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது, இல்லாததைப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் எச்சமே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் எல்லாப் படிகளிலும் கூடவே ஓட்டுவோம். அதில் ஏதாவது எழும்பினால் அன்றைய முடிவுகள் எல்லாம் குப்பைக்குத்தான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த விவாதத்தைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். நரியே இல்லாத அந்தத் தீவில் நரி புகுந்துவிட்டதா என்று பார்க்க, ஆயிரக்கணக்கான எச்சங்களைச் சேகரித்தார்கள். சிலவற்றில் நரியின் டிஎன்ஏ வந்தது. ஒழிப்புத் திட்டமும் நடந்தது. ஆனால் உயிருள்ள நரி ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அந்தச் சில முடிவுகள் உண்மையா, கலப்படமா என்று விஞ்ஞானிகள் கட்டுரை மேல் கட்டுரையாக மோதிக்கொண்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேட்டையாடும் விலங்கு ஆணா பெண்ணா என்று, ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமை வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? பெண் சிறுத்தை ஆண் மானைத் தின்றிருந்தால், எச்சத்தில் மானின் ஒய் குரோமோசோமும் இருக்கும். இரையின் டிஎன்ஏவில் ஒட்டாமல், ஊனுண்ணியின் டிஎன்ஏவில் மட்டும் ஒட்டும் ப்ரைமர்களை, அதாவது பிசிஆர் தொடங்கும் இடத்தைக் காட்டும் குட்டி டிஎன்ஏ துண்டுகளை, தேர்ந்தெடுக்காவிட்டால், அந்தப் பெண் சிறுத்தை ஆணாகிவிடும்.

தாவர உண்ணிகளின் சாணத்தில் பிசிஆர் வேலை செய்வதில்லை. டிஎன்ஏ இருக்கிறது என்று கருவி சொல்கிறது, ஆனால் எதுவும் பெருகவில்லை. என்ன செய்யலாம்?
— ஆராய்ச்சி மாணவர்

கரைசலை நீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டிப் பாருங்கள். டிஎன்ஏ போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றத்தான் எல்லோருக்கும் கை போகும். இலை தழையிலிருந்து வரும் பாலிஃபினால்கள், சிக்கலான சர்க்கரைகள், பித்த உப்புகள் எல்லாம் டிஎன்ஏவோடு கூடவே வந்து, பிசிஆரில் பிரதி எடுக்கும் நொதியை முடக்குகின்றன. நீர்க்கச் செய்தால் டிஎன்ஏவும் குறையும்தான், ஆனால் தடுப்பான்கள் நொதியை முடக்கும் அளவுக்குக் கீழே போய்விட்டால் பிசிஆர் ஓடிவிடும். மாட்டு ஆல்புமின் புரதம் கொஞ்சம் சேர்ப்பதும் உதவும். கருவி காட்டிய அளவை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அதில் பெரும்பகுதி பாக்டீரியாதான்.

எச்சத்தை வைத்து எப்படி விலங்குகளை எண்ணுகிறார்கள்? ஒரே விலங்கு பத்து இடத்தில் போட்டிருக்குமே!
— இல்லத்தரசி

அந்தப் பத்தும் ஒன்றுதான் என்று டிஎன்ஏ சொல்லிவிடும், எண்ணுவதற்கு உதவுவதே அதுதான். ஒரே விலங்கு எத்தனை தடவை திரும்ப அகப்படுகிறது என்பதை வைத்து, அகப்படாதவை எத்தனை இருக்கும் என்று கணக்கிடலாம். சேகரிக்கச் சேகரிக்கப் புதிய விலங்கே வராமல் பழையவையே வந்துகொண்டிருந்தால், அநேகமாக எல்லாம் கணக்கில் வந்துவிட்டன என்று பொருள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் சாண்டா மோனிகா மலையில் 1999இல் கயோட்டி என்ற சிறிய ஓநாய் போன்ற விலங்குகளை இப்படித்தான் எண்ணினார்கள்.

எல்லோரும் எடுத்துக்காட்டுவது சீனாவின் வாங்லாங் காப்பகத்துப் பாண்டாக்களை. அதற்கு முன் அங்கே எச்சத்தில் கிடக்கும் மூங்கில் துண்டுகளின் நீளத்தை அளந்து எண்ணுவார்கள். ஒவ்வொரு பாண்டாவும் மூங்கிலை ஒவ்வோர் அளவில் கடிக்கும் என்பது கணக்கு. அப்படி எண்ணியதில் 27 வந்தது. 2006இல் வெளியான டிஎன்ஏ ஆய்வில் 66 வந்தது. கடி அளவு ஒத்துப்போகிற பாண்டாக்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தால், பழைய முறை அவற்றை ஒன்றாக எண்ணிவிடும். இருந்தாலும் 66ஐ எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மேலே சொன்ன ஒற்றைக் கோபுரச் சிக்கல் எண்ணிக்கையைக் கூட்டியிருக்குமோ என்று கேட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்தக் கேள்வி எழுந்தது நல்லது.

நான் மலையேற்றம் போகிறவன். போகிற வழியில் எச்சத்தைச் சேகரித்து ஆய்வாளர்களுக்குக் கொடுக்கலாமா?
— கல்லூரி மாணவர்

உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தம்பி. ஆனால் நீங்களாக எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட காடுகளில் எச்சம் எடுக்கவும் அனுமதி வேண்டும். தானாக விழுந்த மலமும் சிறுநீரும், விலங்கைத் தொந்தரவு செய்யாமல் எடுத்தவை என்றால், சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுக்குள் வராது. ஆனால் அது நாடு விட்டு நாடு போகும் வணிகம் பற்றிய ஒப்பந்தம். உள்நாட்டுச் சட்டம் வேறு. அனுமதி பெற்ற ஒரு குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள், அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும்.

சேர்ந்துவிட்டால் மனதில் வைக்க வேண்டியவை. கையுறை கட்டாயம், முகக்கவசமும் நல்லது. நரி, ஓநாய் போன்றவற்றின் எச்சத்தில் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் முட்டை இருக்கலாம். மனிதருக்குள் போனால் கல்லீரலைப் பதம் பார்க்கும். மாதிரி கெடாமல் இருக்க எத்தனால் என்ற சாராயத்தில் போட்டதால் முட்டை செத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மைனஸ் 80 டிகிரியில் சில நாட்கள் வைத்த பிறகுதான் ஆய்வகத்தில் திறக்கிறார்கள்.

எச்சம் முழுவதையும் வாரிக்கொள்ள வேண்டாம். நிறைய விலங்குகளுக்கு அது எல்லைக்கல். பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட வேண்டும். மேற்பரப்பில் கட்டைவிரல் நகம் அளவு போதும். அதைப் போல நாலைந்து மடங்கு எத்தனால் ஊற்ற வேண்டும். ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளில் போட்டுக் காய வைக்கும் முறை குரங்கினங்களின் எச்சத்தில் நன்றாக வேலை செய்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் புதுக் குச்சி. குப்பியின் மேல் பென்சிலில் எழுதுங்கள். எத்தனால் ஒரு சொட்டு கசிந்தாலும் பேனா மை கரைந்து ஓடிவிடும், அப்புறம் அந்தக் குப்பி யாருக்கும் பயன்படாது. இடம், தேதி, நிழலா வெயிலா, எவ்வளவு பழசாகத் தெரிகிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையும் வெயிலும்தான் டிஎன்ஏவின் எதிரிகள். ஒரு நல்ல மழை பெய்தால் மேலே இருந்த படலம் கழுவிக்கொண்டு போய்விடும்.

டைனோசர் எச்சம்கூடக் கிடைக்கிறதே, அதில் எடுக்கலாமா?
— ஒன்பது வயது வாசகர் (அம்மாவின் கையெழுத்தில்)

அது கல்லாகிவிட்டது, கண்ணா. அதில் டிஎன்ஏ மிச்சமில்லை. இதுவரை மீட்டதிலேயே ரொம்பப் பழைய டிஎன்ஏ, கிரீன்லாந்து மண்ணில் கிடைத்த சுமார் 20 லட்சம் வருடத்து டிஎன்ஏ; டைனோசர்கள் அதற்கும் வெகு முன்னே போய்விட்டன. ஆனால் அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு வறண்ட குகையில் கிடந்த, சுமார் 20,000 வருடத்து எச்சத்தில் டிஎன்ஏ எடுத்திருக்கிறார்கள். இப்போது உலகில் இல்லாத, தரையில் நடந்த ஸ்லாத் என்ற பெரிய விலங்குடையது அது. அது என்னென்ன செடி தின்றது என்பதும் அதிலேயே தெரிந்தது. 1998இல் வெளிவந்தது அந்த ஆய்வு.

எண்ணிக்கை தெரிந்தால் போதுமா? இதனால் வேறு என்ன பயன்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

யார் யாருக்குப் பிறந்தது என்பது தெரிகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் இருக்கும் ஐல் ராயல் தீவுடையது. அங்கே 1958 முதல் ஓநாய்களையும் மூஸ் மான்களையும் விடாமல் பார்த்துவருகிறார்கள். ஓநாய்கள் வெளி ஓநாய்களோடு கலப்பு இல்லாமல் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கியவை. 1997இல் ஏரி உறைந்தபோது ஒரு ஆண் ஓநாய் பனி மேல் நடந்து தீவுக்கு வந்துவிட்டது. வந்தது வெளி ஓநாய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு டிஎன்ஏவை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, தீவில் இல்லாத மரபணு வடிவங்களை ஒரு ஓநாய் கொண்டுவந்திருக்கிறது என்று. அந்த ஆய்வுக்கு எச்சங்களும் உதவின. அது 34 குட்டிகளுக்குத் தகப்பனானது. வயதானபின் உடல் வெளிறிப்போனதால் அதற்கு 'கிழட்டுச் சாம்பல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

ஒரு விலங்கு வந்ததால் அந்தக் கூட்டம் கொஞ்ச காலம் நிமிர்ந்தது. ஆனால் அதன் வாரிசுகளே எங்கும் நிறைந்துவிட, மறுபடியும் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம். 2016இல் தீவில் மிஞ்சியவை இரண்டே ஓநாய்கள், அவையும் தகப்பனும் மகளும். 2018, 2019இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். விலங்குகள் போய்வரும் ஒரு வழித்தடத்தை மூடினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்கா முழுவதும் சேகரித்த யானை லத்தியிலிருந்து வாசரின் குழு ஒரு மரபணு வரைபடம் தயாரித்து, பிடிபட்ட தந்தங்களை அதோடு ஒப்பிட்டது. பெரிய கடத்தல்களின் தந்தங்களில் பெரும்பகுதி இரண்டே பகுதிகளிலிருந்து வந்தது என்று 2015இல் காட்டினார்கள்: கிழக்கே தான்சானியாவும் வடக்கு மொசாம்பிக்கும், மேற்கே கேமரூன், காபோன், காங்கோ சந்திக்கும் காடு. மனிதரிடம் பரவிய எச்ஐவிக்கு மிக நெருங்கிய வைரஸ் தென்கிழக்குக் கேமரூன் சிம்பன்சிகளிடம் இருப்பதை 2006இல் கண்டுபிடித்ததும், கடுமையான மலேரியாவை உண்டாக்கும் கிருமி கொரில்லாவிடமிருந்து மனிதருக்கு வந்தது என்று 2010இல் சொன்னதும், காட்டில் பொறுக்கிய எச்சத்தை வைத்துத்தான்.

எச்சத்திலிருந்து ஒரு விலங்கின் முழு மரபணுத் தொகுதியையும் படிக்க முடியுமா?
— உயிர்த்தொழில்நுட்ப மாணவி

முடிகிறது, ஆனால் சுலபமில்லை. தடை அதே பாக்டீரியாதான். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் பணத்தில் பெரும்பகுதி பாக்டீரியாவைப் படிக்கவே போய்விடும். இதற்கு இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. முதுகெலும்பு விலங்குகளின் டிஎன்ஏவில் மெத்தில் குறிகள் என்ற குட்டி வேதி ஒட்டுகள் நிறைய இருக்கும். அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை வைத்து விலங்கின் டிஎன்ஏவை மட்டும் இழுத்தெடுப்பது ஒரு வழி. பபூன் குரங்குகளில் இதைச் செய்து காட்டினார்கள். இன்னொன்று, எச்சத்தில் இருக்கும் குடல் செல்களையே ஒளிரும் சாயத்தால் அடையாளம் கண்டு, கருவியில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது. வெள்ளைமுகக் கப்புச்சின் குரங்குகளின் மரபணுத் தொகுதிகளை 2021இல் இப்படிப் படித்தார்கள்.

நீங்கள் ஆய்வு தொடங்கப் போகிறீர்கள் என்றால், முழுத் தொகுதியில் ஆரம்பிக்காதீர்கள். சில நூறு ஒற்றையெழுத்து மாற்றங்களை, அதாவது ஸ்னிப்புகளை, குட்டிக் குட்டித் துண்டுகளாக ஒரே குழாயில் பெருக்கும் முறை இப்போது வந்துவிட்டது. துண்டு சிறியதாக இருப்பதால் பழைய எச்சத்திலும் பிழைக்கிறது. மைக்ரோசாட்டிலைட்டின் நீளத்தை ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு மாதிரி அளந்துவிடும், ஒப்பிடுவது தலைவலி. ஸ்னிப்பில் எழுத்து ஒன்றுதான். யார் படித்தாலும் அதே எழுத்தாகவே வரும்.